ஒரு சாண் மலை

வாங்க தம்பி, திண்ணையில உட்காருங்க. கையில சுருட்டி வச்சிருக்கிறது சர்வே மேப்புதானே? 1950-கள்ல போட்டதா! அங்குலத்துக்கு ஒரு மைலு கணக்கு. பெரியகுளத்துல கட்டைவிரலை ஊணி விரிச்சா, சுண்டுவிரல் கொடைக்கானல் ஏரியில நனையும். ஒரு சாண் தூரந்தான்! எண்சாண் உடம்புக்கு ஒரு சாண் நடக்கிறதெல்லாம் ஒரு வேலையா?

ரெண்டு தாளையும் ஒட்டிக் கொண்டாந்திருக்கீங்க, கெட்டிக்காரர்தான். பெரியகுளம் 58 எஃப் 12, கொடைக்கானல் 58 எஃப் 8. முந்தி ஒருத்தர் ஒத்தத் தாளோட வந்தாரு. பாதியில மேப்பு தீர்ந்துபோச்சு, மலைதான் தீரல.

இந்தக் காவிக் கோடுகளைப் பார்த்து மிரளாதீங்க. அடிவாரம் ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் கம்மி, மேல 7,000 அடி. அம்பதடிக்கு ஒரு கோடுன்னு வச்சுக்கிட்டா 120 கோடு. சின்னப்புள்ளைக பாண்டி ஆடுற மாதிரி தாண்டிக்கிட்டே போங்க. கோடுக ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டிருக்கிற எடத்துல மட்டும் நாலு கால்ல தாண்டணும். இன்னொண்ணு, மேப்புல இருக்கிற மைலு படுக்கை மைலு. ஏத்தத்தை அவுக தூரக் கணக்குல சேக்கல. அதை உங்க முழங்கால் சேத்துக்கும்.

கோடு மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே, மூக்கு மேட்டுப் பக்கம் நீண்டா ஓடை, பள்ளத்துப் பக்கம் நீண்டா மலைமுதுகு. மாத்திப் படிச்சாலும் நட்டமில்ல, குளிச்சிட்டு வரலாம். ஓடை நீலமா இருந்தா வருசம் முச்சூடும் தண்ணி, கறுப்புன்னா காஞ்சது. நீலத்தை நம்பித் தண்ணி பாட்டிலை இங்கேயே வச்சிட்டுப் போங்க, வீட்டுல நல்லெண்ணெய் ஊத்தி வைக்க ஆகும். இத்தனை வருசத்துல ஓடை நெறம் மாறக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?

புள்ளிபுள்ளியாப் போகுது பாருங்க, அது ஒத்தையடிப் பாதை. மலைரோடு போடுறதுக்கு முந்தி இந்தப் பக்கத்து அடிவாரத்துலருந்துதான் கொடைக்கானலுக்கு ஏறுனாக. நம்மாளுக நடந்து ஏறுனாக, துரைமாரு நம்மாளுக தோள்ல ஏறுனாக. துரைக்கு மலை ரொம்ப லேசாத்தான் இருந்திருக்கும்.

வழியில வெள்ளகவி வரும். ஊருக்குள்ள செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. எட்டாயிரமோ பத்தாயிரமோ குடுத்து வாங்குன உங்க பூட்ஸை அங்க கையில தூக்கிக்கணும். மேப்பு ஓரத்துல கோயிலுக்குக் குறி இருக்கு, கெணத்துக்குக் குறி இருக்கு. இதுக்கு இல்ல, தேடாதீங்க.

ஆமா, காட்டிலாகாவுல அனுமதிச் சீட்டு வாங்கியாச்சா? வாங்கலையா? அப்ப மேப்பைச் சுருட்டுங்க. ஆபீசு தார்ரோட்டு மேலதான் இருக்கு, பஸ் போகும்.