முதல் வரியில் ஒரு சாவு

எங்கள் ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று உண்டு. கனமான புத்தகங்கள் அதில்தான். வீட்டுக்கு வருகிறவர்கள், "இதெல்லாம் படிச்சாச்சா சார்?" என்று கேட்பார்கள். மையமாகச் சிரித்துவைப்பேன். க்ரைம் நாவல் எழுதும் ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் கட்டிலுக்கடியில், பழைய சூட்கேசில். அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரவல் வாங்கிப்போவார்கள், திருப்பித் தரமாட்டார்கள். கண்ணாடி அலமாரியிலிருந்து இதுவரை ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை என்பதை இலக்கிய உலகம் கவனிக்க வேண்டும்.

இரண்டு கட்சிக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் போட்டேன். இருபது பக்கம் இலக்கியம், அப்புறம் ஓர் அத்தியாயம் க்ரைம். கஷாயத்துக்குப் பின் வெல்லக்கட்டி. பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, நன்றி எல்லாம் அந்த இருபதில் சேர்த்தி. புத்தகம் தொடங்குவதற்கு முன்பே வெல்லத்துக்கு உரிமை வந்துவிடும்.

வம்பு, இரண்டும் கலந்ததில் வந்தது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புக'ளை எடுத்தேன். 1981-இல் வந்த நாவல். முதல் வரியிலேயே ஜோசப் ஜேம்ஸ் காலி. அதுவும் 1960 ஜனவரியில், ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்த மறுநாள். ஒரே வரியில் இரண்டு சாவு! ராஜேஷ்குமாரே இவ்வளவு அவசரப்பட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அவருடைய துப்பறியும் விவேக் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டே போனேன். வரவில்லை. ஜேஜேயின் டைரிதான் வந்தது. தடயமாக்கும் என்று அதை வரிவரியாகப் படித்தேன். எந்த இலக்கிய வாசகரும் அவ்வளவு கவனமாகப் படித்திருக்கமாட்டார்.

'காவல் கோட்ட'த்தையும் இப்படித்தான் கடந்தேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல். மல்லாந்து படுத்துப் படித்தால் நெஞ்செலும்புக்கு உத்தரவாதமில்லை. ஆனால் உள்ளே களவும் கன்னம் வைப்பதும் காவலுமாக இருக்கிறது. சாகித்ய அகாதெமி விருது பெற்ற திருட்டுக் கதை என்றால் எனக்குக் கசக்குமா?

மறுபக்கம்தான் சேதம். ஒரு க்ரைம் நாவலில் இன்ஸ்பெக்டர் குடிக்காமல் வைத்த காபி ஆறிப்போயிற்று. அது எதன் குறியீடு என்று யோசித்துக்கொண்டே போனதில் கத்திக்குத்தைக் கவனிக்காமல் விட்டேன்.

கட்டிலுக்கடியில் இருப்பவர்களும் எப்போதும் அங்கேயே கிடக்கமாட்டார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950-இல் எம்.என். நம்பியார் கதாநாயகனாக நடிக்க, படமாகவே வந்தது. இன்று ஐயங்காரின் நாவல்கள் மறுபதிப்பில் மின்னுகின்றன. பழசாகிவிட்டால் துப்பறியும் கதைக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

என் மனைவிக்கு ஒப்பந்தம் கிடையாது. ரமணிசந்திரன் நாவல்கள் கைவசம் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், அலமாரியைத் திறந்து 'மோகமுள்'ளை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில், "இந்த பாபு யமுனாவைக் கட்டிக்கிறானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"இலக்கியத்துல அப்படியெல்லாம் கேட்கக்கூடாது."

"பின்ன எப்படிக் கேட்கணும்?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தோடு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பாடு தயிர்சாதம்தான். இப்போது அதே எழுத்தாளரின் 'அம்மா வந்தாள்' எங்கே என்று கேட்கிறாள்.