விதைத்தது பிரசங்கம், விளைந்தது ஆஸ்பத்திரி

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க விவசாயிக்கு ஒரே வியாதிதான். அதன் பெயர் மேற்கு. கனெக்டிகட்டில் மண்ணைவிடக் கல் அதிகம் என்று சலித்துக்கொள்வான். மனைவி, மக்கள், மாடு, சட்டி, பானை, பைபிள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றுவான். ஒஹாயோவில் போய் இறங்கி மரத்தை வெட்டுவான். ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் 'புது நிலம்' என்று பெயரும் வைத்துவிடுவான். பையன் தலையெடுத்ததும் அவனுக்கும் அதே வியாதி வரும். அவன் இன்னும் மேற்கே போவான்.

அந்தக் கூட்டத்தில் சிலர் மட்டும் கிழக்கே கிளம்பினார்கள். சித்தூரில் வந்து இறங்கினார்கள்.

அப்போது பாஸ்டன் துறைமுகத்திலிருந்து நமக்கு முக்கியமாக இரண்டு சரக்கு வந்துகொண்டிருந்தன: பனிக்கட்டியும் பாதிரியாரும். பனிக்கட்டிக்குச் சென்னைக் கடற்கரையில் 1842-லேயே ஐஸ் ஹவுஸ் கட்டிவிட்டார்கள். பாதிரியார்களுக்கு அந்த வசதி கிடையாது, ஆனால் அவர்கள் கரையவில்லை.

முதலில் வந்தவர் விவசாயி இல்லை, நியூயார்க்கில் நன்றாகச் சம்பாதித்த டாக்டர். பெயர் ஜான் ஸ்கடர். நோயாளி ஒருவர் வீட்டில் காத்திருந்தபோது அங்கே கிடந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் புரட்டினார். உலகத்தில் அறுபது கோடிப் பேர் நரகத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பது அதன் சாரம். டாக்டர் வீட்டுக்குப் போய் மனைவி ஹாரியட்டிடம் மூட்டை கட்டச் சொன்னார். 1819-ல் கப்பல் ஏறினார்கள். காத்திருக்கும் அறையில் பழைய பத்திரிகை போடுவது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கே யாராவது எச்சரித்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல வருஷம், பிறகு சென்னை. வைத்தியமும் பிரசங்கமும் போக மீதி நேரத்தில் குடும்பம் பெருகியது. ஏழு மகன்களும் இரண்டு மகள்களும் அப்பா வழியிலேயே மிஷன் வேலைக்கு வந்தார்கள். ஹென்றி, வில்லியம், ஜோசப் என்ற மூன்று அண்ணன் தம்பிகள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். சித்தூர், வேலூர், ஆரணி மூன்றும் அவர்கள் பங்கு. சித்தூர் அப்போது வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். சித்தூர் ஜில்லா என்று தனியாக ஒன்று பிறந்ததே 1911-ல்தான். தொடக்கத்தில் மிஷன் கூட்டம் என்றால் ஸ்கடர் வீட்டுச் சாப்பாடு. தீர்மானத்தை அண்ணன் முன்மொழிவார், தம்பி வழிமொழிவார், இன்னொரு தம்பி சாதத்துக்கு ரசம் ஊற்றிக்கொண்டே கை தூக்கியிருப்பார். நாலு தலைமுறையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் மிஷன் வேலை பார்த்தார்கள். எல்லாருடைய வருஷத்தையும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும் என்பது குடும்பக் கணக்கு. பிற்காலச் சோழர்களே அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

மூத்தவர் ஹென்றி பிறந்ததே பண்டத்தரிப்பில். கடைத்தெருவில் நின்று பேசுகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடே எழுதினார். 'பஜார் புத்தகம்' என்று பெயர். நம்மூர்ப் பாட்டையே எடுத்து நம்மையே மடக்குகிற வித்தை அதில் உண்டு. அவருக்குப் பிடிவாதமும் உண்டு. இந்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைப்பது வீண். பிரசங்கமே போதும், அதுவும் தாய்மொழியில் என்றார். இந்தத் தீர்மானத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

அசல் விவசாயப் பிள்ளை அடுத்து வந்தார். ஜேக்கப் சேம்பர்லின், கனெக்டிகட்டில் 1835-ல் பிறந்து ஒஹாயோவின் ஹட்சன் ஊரில் பண்ணையில் வளர்ந்தவர். இறையியலும் மருத்துவமும் படித்து, சார்லட்டைக் கல்யாணம் பண்ணி, 1860-ல் வந்து சேர்ந்தார். முதலில் பலமனேர், 1863-லிருந்து மதனப்பள்ளி. அங்கே தெலுங்கு வேண்டும். அசராமல் கற்றார், பிற்காலத்தில் தெலுங்கு பைபிளைத் திருத்துகிற குழுவுக்கே தலைவரானார். வந்த மூன்றாம் வருஷமே நிஜாம் சீமை வழியாக 1,200 மைல் சுற்றிப் புத்தகம் விற்றார். ஓர் ஊரில் ஜனங்கள் கல்லைக் கையில் எடுத்தார்களாம். 'ஒரே ஒரு கதை சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடியுங்கள்' என்றாராம். கதை முடிந்தபோது கல்லைப் போட்டுவிட்டுப் புத்தகம் வாங்கினார்களாம். அவரே எழுதியது. கதை என்றால் கல்லைக் கீழே போடுகிற ஜாதி நாம். அந்த ரகசியம் அவருக்கு மூன்று வருஷத்தில் பிடிபட்டுவிட்டது.

அவர் எழுதிய புத்தகங்களின் பெயரைப் பாருங்கள். 1896-ல் 'புலிக்காட்டிலே', 1900-ல் 'நாகப்பாம்பின் பொந்து'. மதனப்பள்ளியில் கிடைக்கிற தக்காளியைத் தலைப்பில் போட்டால் ஒஹாயோவில் எவன் உண்டியலில் காசு போடுவான்?

ஆஸ்பத்திரி நடைமுறை எளிமையானது. முதலில் பிரசங்கம், பிறகு மருந்து. சித்தூர்க்காரன் இதைப் பார்த்து மலைத்துப் போகவில்லை. கோயிலில் கதாகாலட்சேபம் கேட்டால்தான் சுண்டல் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகத் தலையாட்டினான். முடிந்ததும் குயினைனை வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். 'வர்றேன் சாமி' என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மாரியம்மனுக்கும் ஒரு தேங்காய் உடைத்தான். காய்ச்சல் போனது. யாரால் போனது என்ற விசாரணைக்கு அவன் போகவில்லை.

மதம் மாறியவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் சேரி ஜனங்கள். 1876-லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம் ஊரையே தின்றபோது அந்தக் கூட்டம் கூடியது. 'சோற்றுக் கிறிஸ்தவன்' என்று ஊர் சிரித்தது. சிரித்த ஊர்தான் அவர்களுக்குக் கிணற்றைக் கொடுக்காதிருந்தது. பிள்ளைக்கு எழுத்து, கச்சேரியில் மனுப்போட ஒரு துணை, தெருவில் நடந்தால் அடி விழாத ஒரு நாள் என்று கிடைத்தால் அதைவிடத் தெளிவான இறையியல் வேறென்ன வேண்டும்?

இதற்கெல்லாம் முன்பே திருப்பதியில் வேறொரு கூத்து. 1801-லிருந்து ஏழுமலையான் கோயிலை நிர்வாகம் செய்தது கிழக்கிந்தியக் கம்பெனி. எந்த நேரத்தில் என்ன நடக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு என்று 1821-ல் 'புரூஸ் கோட்' என்ற விதிப்புத்தகமே போட்டார்கள். உண்டியல் வருமானத்தில் கம்பெனிக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரகத்துக்குக் குமாஸ்தா வேலை பார்ப்பதா என்று இங்கிலாந்தில் பக்தர்கள் கொதித்தார்கள். கடைசியில் 1843-ல் கோயிலை ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைத்துவிட்டுக் கம்பெனி கையைக் கழுவியது. ஆக, ஜில்லாவில் ஒரு வெள்ளைக்காரன் பெருமாளை ஒழிக்க வழி தேடினான். இன்னொருவன் அதற்கு முன்பே பெருமாளுக்குக் கணக்கு எழுதி முடித்திருந்தான்.

இப்போது அந்தத் தீர்மானத்துக்கு வருவோம். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஹென்றி சொன்னாரே, அது நிலைக்கவில்லை. வேலூரில் ஊரீஸ் கல்லூரியே எழும்பியது. சேம்பர்லினின் மகன் வில்லியம் அதற்கு முதல்வர். அங்கே 1900-ல் ஒரு பிராமணப் பையன் வந்து சேர்ந்தான். பிறந்தது திருத்தணி. அதற்குமுன் படித்தது திருப்பதியில், ஜெர்மன் லுத்தரன் மிஷன் பள்ளியில். வேதாந்தத்தில் ஓட்டை இருக்கிறது என்று பாதிரிமார் சொல்லச் சொல்லப் பையனுக்கு ரோஷம் வந்தது. எங்கே ஓட்டை என்று பார்க்க உட்கார்ந்தவன், அந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்தான். மதனப்பள்ளியில் 1908-ல் சேம்பர்லின் கண் மூடிய அதே வருஷம், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து வேதாந்தத்தின் அறநெறி பற்றிய அவன் ஆய்வுரை அச்சேறியது. பையன் பெயர் ராதாகிருஷ்ணன். ஆக்ஸ்போர்டில் இந்துத் தத்துவம் சொல்லிக்கொடுத்துவிட்டு டில்லியில் ஜனாதிபதியானார். இது போதாதென்று, சேம்பர்லின் அத்தனை வருஷம் பிரசங்கம் செய்த மதனப்பள்ளியிலேயே 1895-ல் ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். எந்த மதமும் எந்தக் குருவும் உண்மைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது என்று உலகம் பூராவும் சொன்னவர்.

ஸ்கடர் வம்சத்திலும் ஒரு பெண் அடம் பிடித்தாள். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா, 'இந்த ஊரும் வேண்டாம், மிஷனும் வேண்டாம்' என்று அமெரிக்காவில் இருக்க நினைத்தவள். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று புருஷர்கள் கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவியருக்கும் பிரசவம் சிக்கல். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்றார்கள். டாக்டரான அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்று பெண்களும் செத்தார்கள். ஐடா போய் டாக்டருக்குப் படித்தாள். 1902-ல் வேலூரில் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.; அதன் கிளை இப்போது சித்தூர் எல்லைக்குள்ளும் வந்துவிட்டது.

தாத்தா ஜான் எதிர்பார்த்த அறுவடை வேறு, பேத்தி ஐடா களத்தில் தூற்றியது வேறு. ஆனால் ஜனங்களுடைய ஏற்பாடு மட்டும் இன்றுவரை மாறவில்லை. வங்காளத்திலிருந்து ஒரு குடும்பம் ரயிலேறி காட்பாடியில் இறங்குகிறது. ஸ்கடர் வீட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பில், டிஸ்சார்ஜ். மறுநாளே திருமலைக்கு பஸ். டாக்டருக்கு ரூபாய், ஏழுமலையானுக்கு முடி. இரண்டு ரசீதையும் ஒரே பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், எந்தக் கணக்கும் எங்கும் பாக்கியில்லாமல்.