குட்டி நாய் வளர்ப்பு: சுங்கை சோ முறை

வீட்டுக்குப் பொமரேனியன் மிக்ஸ் வந்துவிட்டதா? வாழ்த்துகள். அம்மா பொமரேனியன், அப்பா யாரென்று தாமானில் ஒருவருக்கும் தெரியாது. ஜிம்மி என்று பெயர் வைத்திருப்பீர்கள், வேறென்ன வைப்பீர்கள்? ரவாங்–செரண்டா சாலையிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை நாம் கையாளும் முறையைத்தான் வரிசையாகத் தருகிறேன். பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. மீதியையும் குறையில்லாமல் செய்யுங்கள்.

1. ஊசி போடாதீர்கள். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்வோ தடுப்பூசி போட வேண்டும் என்பார்கள். "தோட்டத்துல தாத்தா நாலு நாய் வளர்த்தாரு, ஊசியா போட்டாரு?" என்று திருப்பிக் கேளுங்கள். யாராலும் பதில் சொல்ல முடியாது. தாத்தாவின் நாய் செத்தால் அடுத்த லயத்திலிருந்து இன்னொன்று வந்தது. அதற்கும் அதே பெயர். ஆகவே தாத்தாவின் நாய் சாகவே இல்லை.

2. நம்ம வீட்டுப் பிள்ளைதானே? நாம் தின்பதையே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பின் எலும்பு முக்கியம்: வெந்த எலும்பு கூர்கூராகப் பிளக்கும், குடலைக் கிழிக்கும். குழம்பில் கிடக்கும் வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதையும் வழித்துப் போடுங்கள். பேரன் சாக்லேட் கொடுத்தால் தடுக்காதீர்கள். கோக்கோவில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் லேசில் வெளியேற்றாது. நான்கு கிலோ நாய்க்கு ஒரு பட்டையே விருந்து.

3. காய்ச்சலா? பனடோல். நமக்குக் கேட்கிற மருந்து அதன் ஈரலுக்கு மட்டும் கேட்காமல் போகுமா?

4. உண்ணியை விரலால் பிய்த்துச் சுவரோரம் எறியுங்கள். அது சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடட்டும். சொட்டு மருந்து வாங்காதீர்கள், வீட்டைக் கழுவாதீர்கள். உண்ணிக் காய்ச்சலில் ஜிம்மி சோறு தின்னாமல் படுத்தால் "கோவமா இருக்கு" என்று சொல்லுங்கள். சொறி வந்தால் மோட்டார் பட்டறையில் வடித்த கறுப்பெண்ணெயைக் கேட்டு வாங்கி உடம்பு முழுக்கப் பூசுங்கள். அது நக்கும். நக்கத்தான் பூசுகிறோம்.

5. எலி மருந்து. இங்கே கொஞ்சம் நிதானியுங்கள், இது நம் வட்டாரத்துச் சிறப்புப் பாடம். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் மெழுகுக் கட்டி இருக்கும். சில தோட்டங்களில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். உங்களிடம் ஆந்தை இல்லை. ஆகவே கட்டியைச் சமையலறைக் குழாயடியில், ஜிம்மியின் மூக்கு உயரத்தில் வையுங்கள். தின்ற அன்று வாலாட்டும். மறுநாளும் வாலாட்டும். "பாத்தீங்களாக்கா, நாட்டு ரத்தம், ஒண்ணும் ஆகல" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுங்கள். இந்த மருந்துக்கு அவசரம் கிடையாது. உடம்பில் வைட்டமின் கே வேலை செய்யாதபடி முடக்கிவிட்டு, இரத்தத்தை உறைய வைக்கும் சரக்கின் கையிருப்பு தீரட்டும் என்று அது காத்திருக்கும். மூன்று, நான்கு, ஐந்து நாள் ஆகலாம். அதற்குப் பிறகுதான் உள்ளே கசியும், ஈறு வெளுக்கும். தின்ற அன்றே கிளினிக்குக்குத் தூக்கிப் போனால் வாந்தி எடுக்க வைத்து, வைட்டமின் கே1 மாத்திரையைச் சில வாரம் கொடுத்துப் பிழைக்க வைத்துவிடுவார்கள். அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள். ஐந்தாம் நாள் பாலும் முட்டை வெள்ளைக்கருவும் ஊற்றிப் பாருங்கள். மருந்துப் பொட்டலத்தை மறக்காமல் குப்பையில் போடுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

6. சங்கிலி குட்டையாக, தகரக் கூரைக்குக் கீழே, மதியம் முழுக்க. தண்ணீர்ச் சட்டி சங்கிலி எட்டாத தூரத்தில் இருக்கட்டும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் என்று ஒன்று உண்டு. கொடுமைக்குக் குறைந்தது 20,000 வெள்ளி, கூடினால் 100,000 வெள்ளி அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பயப்படாதீர்கள். அது கொடுமைக்காரர்களுக்கு. நீங்கள் நாய்ப்பிரியர், ஃபேஸ்புக்கில் ஜிம்மிக்குப் பிறந்தநாள் தொப்பி போட்ட படமே சாட்சி.

7. லைசென் எடுக்காதீர்கள். நகராண்மைக் கழகத்து நாய் வண்டி வந்த பிறகு "அது எங்க நாய்ங்க" என்று கைலியோடு பின்னால் ஓடுவதில்தான் பாசம் தெரியும்.

8. தீபாவளிக்குக் கதவைத் திறந்தே வையுங்கள். முதல் வெடிக்கு ஜிம்மி பெரிய சாலைக்குப் போய்விடும். அங்கே லாரிகளுக்குப் பஞ்சமில்லை.

9. இத்தனையையும் தாண்டி ஜிம்மி ஆறு, ஏழு மாதம் பிழைத்துவிட்டதா? இப்போதுதான் அது பெண் நாய் என்று கண்டுபிடிப்பீர்கள். கருத்தடை செய்யாதீர்கள். "ஒரு தடவையாவது தாயாகட்டும், பாவம்" என்று சொன்னால் மாமியார்கூட எதிர்த்துப் பேச மாட்டார். 63 நாள் பொறுங்கள். பிறந்த ஐந்தையும் "ஒரிஜினல் பொமரேனியன்" என்று சொல்லி அலுவலக நண்பர்களுக்குத் தள்ளிவிடுங்கள். மூன்று மாதத்தில் காது தொங்கி, கால் நீண்டு, நிறம் மாறும். அதற்குள் கைப்பேசி எண்ணை மாற்றிவிடுங்கள்.