வல்வில் ஓரியும் 100 யூனிட் இலவசமும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இரண்டு செய்தி தெரியும். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் தைத்தார். வந்த புலவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துக் கடையெழு வள்ளல்களில் ஒருவரானார். செம்மேட்டில் அவருக்குச் சிலை உண்டு, ஆடி 17, 18இல் அரசே விழா எடுக்கிறது. ஆனால் ஓரி யாரிடமாவது எதையாவது விலைக்கு வாங்கினார் என்று எந்தப் புலவரும் பாடியதாக எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டு மின்சார அரசியலின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. அரசன் என்றால் கொடுப்பவன். குடிமகன் என்றால் வாங்கிக்கொள்பவன். குடிமகன் தன் கூரையில் எதையோ விளைவித்து, “மகாராஜா, இதை எடுத்துக்கொண்டு காசு கொடுங்கள்” என்று வாசலில் நின்றால், அரண்மனைக்கே வியர்த்துவிடும்.

ஓரியின் முடிவும் பாடம்தான். முள்ளூர் மலையன் காரி வந்து அவரைக் கொன்று, மலையைத் தூக்கிச் சேரனிடம் கொடுத்தான். மலை ஓரியுடையது, வேலை காரியுடையது, பலன் சேரனுடையது. உற்பத்தி ஓரிடம், கம்பி ஓரிடம், பில் ஓரிடம் என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது மின்வாரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மலையில் இருப்பதாகச் சொல்லப்படும் பெண் உருவமான கொல்லிப்பாவையையும் விட்டுவிடக் கூடாது. காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எதற்கும் கெடாது என்று சங்கப் புலவரே அதற்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். சோலார் பலகை விற்பவர் 25 வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பாவை சிரித்து ஆளை இழுக்கும், பிறகு உயிரை எடுக்கும். மானிய விளம்பரங்களில் எல்லாரும் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

அடுத்த சுமார் 2,000 வருஷத்தை வேகமாகக் கடப்போம். கொல்லிமலையில் அரப்பளீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் வளப்பூர் நாட்டில் அந்தக் காலம் முழுக்க ஆற்றல் உற்பத்தி வீட்டிலேயேதான் நடந்தது. காட்டு விறகு, உரல், உலக்கை, சாமை குத்தும் பெண்ணின் தோள். நூற்றுக்கு நூறு புதுப்பிக்கத்தக்கது. மீட்டர் கிடையாது, மானியம் கிடையாது, வாழ்த்துச் செய்தி அனுப்பும் உலக நாடுகளும் கிடையாது. அந்தத் தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்குச் சிறுதானிய இயந்திரங்களைக் கொண்டுவந்த பிறகுதான். இயந்திரம் ஓட கரண்ட் வேண்டியிருந்தது. பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர்கள் சந்தோஷமாக உலக்கையை மூலையில் சாத்தினார்கள்.

2011இல் ஜெயலலிதா ஓரியின் வித்தையைத் திரும்பச் செய்து காட்டினார். சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடு: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சூரிய விளக்குக்கு. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, வராந்தா என ஐந்து விளக்கு. ஒரே அம்பு, ஐந்து இலக்கு! ஒரு வித்தியாசம், ஓரியின் அம்புக்கு பேட்டரி மாற்ற வேண்டியதில்லை.

மறுவருஷம் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனது. தமிழன் முதன்முறையாகச் சூரியனை மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தான். 2012 அக்டோபரில் கொள்கை வந்தது: மூன்று வருஷத்தில் 3,000 மெகாவாட், அதில் கூரைகளின் பங்கு 350. 2013இல் நிகர அளவீடும் வந்தது. அதாவது பகலில் நீ கொடு, இரவில் நான் தருகிறேன், யூனிட்டுக்கு யூனிட் நேர். பண்டமாற்றில் பழகிய மலைக்காரருக்கு விளக்கவே வேண்டாத ஏற்பாடு. நியாயமாகவும் எளிமையாகவும் இருந்ததாலோ என்னவோ, 2019இல் அதை மாற்றினார்கள். உபரியாக நீ கொடுப்பது யூனிட் 2 ரூபாய் 28 காசு, நான் கொடுப்பது என் விலை. 2021இல் வீடுகளுக்குப் பழைய முறை திரும்பியது, கூடவே வலையமைப்புக் கட்டணம் என்ற புது விருந்தாளியோடு. சேரனுக்குக் கப்பம் என்று எழுதியிருந்தால் சட்டென்று புரிந்திருக்கும்.

இதற்கு நடுவே 2016 மே மாதம் உண்மையான ஓரி அம்பு விட்டாயிற்று. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதோடு கூரைச் சூரியன் கதை முடிந்தது என்பேன். கணக்கைப் பாருங்கள். 2022 கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரித்தால் பில் 225 ரூபாய், வருஷத்துக்கு 1,350. 2024இல் மோடி அரசு கொண்டுவந்த சூர்யா கர் திட்டம் ஒரு கிலோவாட் பலகைக்கு 50,000 ரூபாய் என்று கணக்கு வைத்து 30,000 மானியம் தருகிறது. மீதி 20,000 நம் கையிலிருந்து. அது பில்லில் திரும்பி வர ஏறக்குறைய 15 வருஷம். அதே நாளில் கொல்லையில் பலாக்கன்று வைத்தால் அது முந்திக் காய்த்துவிடும். ஐந்து விளக்கும் ஒரு டிவியும் மட்டும் ஓடுகிற வீட்டுக்கு பில்லே வராது. பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? நரேந்திரர் மானியம் தருகிறார், அது பலிக்காதபடி சென்னை இலவசம் தருகிறது. இரண்டு வள்ளல்கள் நடுவே மாட்டிய புலவன் நிலைமை நம்முடையது.

வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நாம் பலகை போட்டுக் கொடுப்பது யாருக்கும் அவ்வளவாக வேண்டாத நண்பகலில். திருப்பிக் கேட்பது ஊரே கேட்கிற ராத்திரி ஏழு மணிக்கு. இலங்கையில் 2025 பிப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுக்க இருண்டபோது, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கின் மேல் முதலில் பழி விழுந்தது. பிறகு, தேவை குறைந்த நேரத்தில் கூரைச் சூரியன் மிகுந்ததும் காரணம் என்றார்கள். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் “பகலில் பலகையை அணைத்து வையுங்கள்” என்று பலகைக்காரர்களிடம் மின்சார சபையே கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிப் போட்ட பலகைக்கு அரசாங்கமே விடுமுறை கொடுத்தது. நம் மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. மின்வாரியத்துக்கு எங்கள் வாழ்த்துகள்.

பெரிய அளவில் செய்தால் சரியாகுமா என்றால், கொல்லிமலை ஓடைகளை மறித்து 20 மெகாவாட் நீர்மின் திட்டம் என்று வாரியம் ஒன்று வைத்திருக்கிறது. தண்ணீர் மலையுடையது, கரண்ட் யாருக்குப் போகும் என்பதைக் காரி வழக்கைப் படித்தவர்கள் ஊகிக்கலாம்.

என் தீர்ப்பு இவ்வளவுதான். இலவசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சாமை விதைப்பவருக்கு அது வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் கொடுக்கும் யூனிட்டுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறாத ஒரு விலையை எழுதிக் கொடுங்கள். அது வரும் வரை, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் எரிக்கிறவர் மட்டும் பலகையைப் பற்றி யோசிக்கலாம். வளப்பூர் நாட்டுக்காரராக இருந்தால் இன்னும் ஒன்று: வாங்குவதற்கு முன், கூரை மேல் நிழல் விழுத்தும் சில்வர் ஓக்கும் அதில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியும் யாருடையவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பங்காளியுடையதென்றால் பேசாமல் இருந்துவிடுங்கள்.