போறதுன்னு ஆச்சு, கேட்டுட்டுப் போ

ஏலே, பையை அப்புறம் கட்டலாம், இங்கன வந்து உக்காரு. லீவு இன்னும் மிச்சம் கெடக்கு. நீ என்னடான்னா மணிக்கொரு தரம் போனை எடுத்து பஸ்ஸு எங்க வருது, ரோடு எப்பிடிக் கெடக்குன்னு பாத்துக்கிட்டே இருக்க. நீ நேத்தே சென்னைக்குப் போயிட்டலே. உடம்பு மட்டுந்தான் இந்த லயத்துத் திண்ணையில உக்காந்து கட்டஞ்சாயா குடிக்குது.

போறதை நான் தடுக்கல. நான் ஏன் தடுக்கேன்? ரெண்டு புத்தி சொல்லி அனுப்பலாம்னு பாக்கேன், அவ்வளவுதான்.

மொதல்ல, எப்பக் கெளம்பணும்ங்கிறது. கேரளா சர்க்கார் பொங்கலுக்கு இடுக்கியோட சேத்து ஆறு ஜில்லாவுக்கு லீவு விடுது. தமிழ்நாடு அதுக்கும் மேல நாலஞ்சு நாளு சேத்து விடுது. லீவு குடுக்கிறதுல ரெண்டு சர்க்காரும் தாராளந்தான். ஆனா எல்லாரையும் ஒரே விடியக்காலத்துல ஒரே ரோட்டுல கொண்டு போயி நிறுத்துறது சர்க்கார் இல்ல, நம்ம ஆளுகதான். ‘கடைசி நாள் ராத்திரிச் சோத்தையும் வீட்டுலயே சாப்ட்டுட்டுக் கெளம்பிருவோம்’னு நாகர்கோயில்காரன் நெனைக்கான். தென்காசிக்காரன் நெனைக்கான். போடிக்காரனும் நெனைக்கான். அத்தனை பேரு நெனப்பும் விடியக்காலம் செங்கல்பட்டுக்கிட்ட பரனூர் டோல்கேட்டுல வந்து முட்டிக்கிட்டு நிக்கும். உள்ள உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தனும், ‘எதுக்குத்தான் இத்தன பேரு இன்னைக்கே வாராங்களோ’ன்னு முன்னால நிக்கிற வண்டியைத் திட்டுவான்.

அதனால நீயும் கடைசி நாளே போ. ஒரு நாள் முந்திப் போயிராத. காலியாக் கெடக்கிற ரோட்டுல சர்ருன்னு போயி எறங்கி, குளிச்சு, ஒரு தூக்கம் போட்டு ஆபீசுக்குப் போனா, பக்கத்து சீட்டுக்காரன் ‘ஏம்ப்பா, நீ ஊருக்கே போகலையா’ன்னு கேப்பான். கண்ணு செவந்து, சட்டை கசங்கி, கையில ஒரு மூட்டையோட நேரா ஆபீசுக்குள்ள நுழைஞ்சாத்தான் சொந்த பந்தம் உள்ளவன்னு ஒரு மரியாதை.

ரயில்ல போலாமேங்க. போலாந்தான். அகலப்பாதை போடுறோம்னு 2010 டிசம்பர்ல போடி ரயிலை நிறுத்துனாங்க. மறுபடி போடிக்கு அது வந்து சேந்தது 2023 ஜூன்ல. நடுவுல 2018ல இங்க மூணாறுப் பக்கம் குறிஞ்சி பூத்து, பாக்க வந்த சனம் ஊருக்குத் திரும்பி, பூவும் உதிந்து முடிஞ்சிருச்சு. இப்ப வாரத்துல மூணு நாள் ராத்திரி போடில ஏறினா காலையில சென்ட்ரல்ல எறக்கி விட்டுருவான். நல்ல வண்டி. ஆனா டிக்கெட்டு 60 நாளைக்கு முந்தி காலையில எட்டு மணிக்குத் தொறக்கும். பண்டிகை நாள்னா நீ பல்லு வெளக்கி முடிக்கதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்டு ஆயிரும். நீ எப்பப் பாத்த? முந்தாநாளு. தாவரத்துக்கு அறிவு இல்லம்பாங்க. குறிஞ்சி 2006ல வந்துச்சு, 2018ல வந்துச்சு, அடுத்து 2030ன்னு இப்பவே சொல்லி வச்சிருக்கு. எஞ்சினியரிங் படிச்ச ஒன்னால ரெண்டு மாசத்துக்கு முந்தி தேதி சொல்ல முடியல.

சரி, பஸ்ஸுதான்னு ஆயிப்போச்சு. அதுல ஆம்னி பஸ்ஸுக்காரன் கேக்கிற காசைப் பத்தி நான் பேசல, எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு.

உடுப்பு விசயத்துக்கு வருவோம். இங்க தை மாசம் செண்டுவாரை, லெட்சுமிப் பக்கமெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழ எறங்கி, புல்லு மேல வெள்ளையா உறைஞ்சு கெடக்குது. நீ குல்லா, ஜெர்கின், உள்ளுக்கு ஒரு ஸ்வெட்டருன்னு கட்டிக்கிட்டுத்தான் பஸ் ஏறுவ. ஏறு. ஆனா வழி நெடுகக் கழட்டத் தெரியணும். பூப்பாறை தாண்டிப் போடிமெட்டு வந்ததும் குல்லாயைக் கழட்டு. அங்கருந்து 17 கொண்டை ஊசி. கையில ஒரு எலுமிச்சம்பழம் வச்சுக்கோ, மோந்து பாத்துக்கிட்டே வா, சன்னலோரம் இருக்கிறவன்கிட்ட மொதல்லயே சிநேகம் பிடிச்சு வச்சுக்கோ. முந்தல்ல எறங்கினதும் அனலு மூஞ்சியில அடிக்கும் பாரு, அங்க ஜெர்கின். தேனில ஸ்வெட்டரு. இதைச் செய்யாதவன் விடியக்காலம் கிளாம்பாக்கத்துல எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு வேத்து ஒழுகி நிப்பான். அதே நேரத்துல சென்னைக்காரன் ‘என்னா குளிரு’ன்னு காதைச் சுத்தி மஃப்ளர் கட்டி டீக்கடையில நிப்பான். அவனைப் பாத்துச் சிரிச்சிராத. அவன்கிட்டத்தான் நீ வழி கேக்கணும்.

ஒங்க ஆச்சி கட்டி வச்சிருக்கிற மூட்டைய வேண்டாம்னு சொல்லிராத. அதுல மறையூர் சர்க்கரை இருக்கு, ஒரு கட்டு தேயிலைத் தூளு இருக்கு, வட்டவடைப் பூண்டு இருக்கு. புவிசார் குறியீடு வாங்குன பூண்டுல அது, சும்மாவா? சர்க்கரையைக் கீழ டிக்கியில போட்டுராத, இஞ்சின் சூட்டுல இளகி எவன் துணியிலயாவது ஒட்டி, திருச்சியில சண்டை வரும். பூண்டை மட்டும் மடியில வச்சுக்கோ. ஏசி பஸ்ஸு, சன்னல் தொறக்காது, கம்பளி வேற போத்தச் சொல்லுவான். திண்டுக்கல் வர்றதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயி டிரைவர்கிட்ட உக்காந்து பேச ஆரம்பிச்சிருவான். நீ ரெண்டு சீட்டுலயும் காலை நீட்டிப் படு. ஒங்க ஆச்சி பாசத்துல பூண்டு கட்டுதான்னா நெனச்ச?

இனி எறங்குற எடம். முன்னாடியெல்லாம் நம்ம ஊர்ப்பக்கத்து பஸ்ஸு பாரிஸ் கார்னர் வரைக்கும் போகும். 2002ல கோயம்பேட்டைத் தொறந்து அங்கனயே எறங்கச் சொன்னாங்க. 2023 டிசம்பர் 30ல கிளாம்பாக்கத்தைத் தொறந்து இங்கனயே எறங்குன்னாங்க. கவனிச்சியா? ஒவ்வொரு தடவையும் பட்டணம் நம்மளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் எறக்கி விடுது. இப்பிடியே போனா ஒம் மகனை விழுப்புரத்துல எறக்கிவிட்டு ‘சென்னை வந்தாச்சு, எறங்குங்க’ன்னு சொல்லுவான்.

எறங்கினதும் ஆட்டோக்காரர் வருவாரு. நீ சோழிங்கநல்லூருன்னு சொன்னதும் ஒரு தொகை சொல்லுவாரு. அந்தக் காசுக்கு சூரியநெல்லில ஜீப்பைப் பிடிச்சு கொழுக்குமலை போயி, சூரிய உதயத்தைப் பாத்துட்டு, டீயும் குடிச்சுட்டுத் திரும்பிரலாம். அதை அவருகிட்ட சொல்லிராத, ‘அங்கயே போயிருக்க வேண்டியதுதான’ன்னு கேப்பாரு. நியாயந்தான? போன்ல வண்டி பிடிச்சா, எடத்துப் பேரை ரெண்டு தரம் வாசி. கிளாம்பாக்கம் வேற, கேளம்பாக்கம் வேற. ரெண்டுலயும் ஆளு நிக்கான், ரெண்டுலயும் காசு வாங்குதான்.

ஒண்ணு சொல்லட்டா? நம்ம சின்னக்கானல்காரன் ஒருத்தன் பட்டணம் போன கதை ஒனக்குத் தெரியும். அரிக்கொம்பன். ரேசன் கடைச் செவத்தை ஒடச்சு அரிசி திங்கிற யானை. ஆளையும் அடிச்சிருக்கான், அதையும் மறைக்கப்படாது. 2023 ஏப்ரல் 29ல ஊசி போட்டு, லாரியில ஏத்தி, பெரியாறு காட்டுல கொண்டு போயி விட்டாங்க. அவனுக்கு அங்க இருப்புக் கொள்ளல. மே 27 காலையில கம்பம் தெருவுக்குள்ள வந்து நிக்கான். பையில்ல, டிக்கெட் இல்ல, தங்க எடமில்ல. ஊருக்கே 144 போட்டாங்க. ஜூன் 5ல மறுபடி ஊசி, மறுபடி லாரி, முண்டந்துறைக் காட்டு மேல் கோதையாறுல கொண்டு போயி எறக்கிட்டாங்க. பெறந்த காட்டுக்கு இன்னும் வரல.

அவன் கழுத்துல ரேடியோ காலர் மாட்டிருக்காங்க. ஒங்கழுத்துல கம்பெனிக்காரன் அட்டை மாட்டிருக்கான். எங்க நிக்க, எத்தனை மணிக்கு உள்ள போன, எப்ப வெளிய வந்தங்கிறதை எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டு இருக்கான். ஒரு வித்தியாசம், அவனுக்கு மயக்க ஊசி போட்டுத்தான் மாட்ட முடிஞ்சுது. நீ இன்டர்வியூக்குப் போயி, சிரிச்சுக்கிட்டே கழுத்தைக் குடுத்த.

கோவிச்சுக்காத. நீ ஏன் போறங்கிறது எனக்குத் தெரியாதா? எம் பாட்டன் போடில இருந்து குரங்கணி வழியா நடந்து டாப் ஸ்டேசனுக்கு ஏறினவரு. கங்காணி கூட்டிட்டு வந்தான். 1908ல இருந்து மூணாறுக்கும் டாப் ஸ்டேசனுக்கும் நடுவுல குட்டி ரயிலே ஓடிச்சு, அங்கருந்து கீழ எறக்க ரோப்வே இருந்துச்சு. ரெண்டும் தேயிலைப் பெட்டிக்காகப் போட்டது. ரயிலை 1924 வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. பாட்டன் மூணு வருசம் இருந்து கடனை அடைச்சுட்டு நாட்டுக்குத் திரும்பிருவோம்னுதான் ஏறினாராம். பெறகு எங்கப்பன் தோட்டத்துல பேரு குடுக்கப் பெரட்டுக்கு நின்னான், நான் நின்னேன், ஒங்கப்பன் நிக்கான். ஒங்கப்பன் பேரு தோட்டத்துப் புத்தகத்துல இருக்கிற வரைக்கும் இந்த ரூமு. அது முடிஞ்சா சாவியைக் குடுத்துட்டு எறங்கணும். நாலு தலைமொறையா இருந்தும் சொந்தமா ஒரு செங்கல்லு இல்ல. ஆக, நீ மட்டுமா இங்க லீவுக்கு வந்திருக்க? நாங்களுந்தான். எங்க லீவு கொஞ்சம் நீண்டு போச்சு, அவ்வளவுதான்.

அதனால போயிச் சம்பாதி. ஒரு ரெண்டு சென்டு பாரு, போடிலயோ தேனிலயோ. சென்னையில வாங்கிராத, அதுக்குள்ள அவன் சென்னையை இன்னும் தள்ளி வச்சிருப்பான்.

ஆனா ஒண்ணு. திங்கக்கிழமை காலையிலயே போயி நிக்கணும்னு ஒன் மேனேஜர் தலையில அடிச்சுக் கேட்டானா? மேனேஜரே பரனூர்ல நிப்பான். ஒரு மெயிலு தட்டி விடு. ‘கேப் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு’ன்னு போடு. பொய்யான்னு கேக்காத, அங்க எப்பச் சரியலை? போன மழைக்குச் சரிஞ்சதை இந்த மாசம்னு போட்டுராத, தேதியே போடாத. அது வேண்டாம்னா ‘ரோட்டுல படையப்பா நிக்கான்’னு போடு. ரஜினி படத்துப் பேரை வச்சுக்கிட்டு வண்டியை மறிச்சு நிக்கிற கொம்பன் ஊருக்கே தெரிஞ்சவன். போட்டோ வேணும்னா நான் தாரேன், கீழ லயத்துப் பயலுவ போன்ல கட்டுக்கட்டாக் கெடக்கு. எந்த வருசத்துப் போட்டோன்னு யானை மூஞ்சியைப் பாத்து எவன் கண்டுபிடிக்கப் போறான்?

புதன்கிழமை போ. ரோடு காலியா இருக்கும், பஸ்ஸுக்காரன் கூப்பிட்டு உக்கார வைப்பான், பூண்டு மூட்டைக்கே தனி சீட்டு கெடைக்கும். அதுக்குள்ள அந்தக் கோழியையும் ஒரு வழி பண்ணிருவோம். நீ இருந்தாத்தான் ஆச்சி அடிப்பா, நான் கேட்டா ‘ரத்தக் கொதிப்பு’ன்னுருவா.

ஆச்சி வாரா. என்னத்தப் பேசினிங்கன்னு கேட்டா, சீக்கிரமாக் கெளம்பச் சொல்லித் தாத்தா புத்தி சொன்னாருன்னு சொல்லு.