வேம்பனூருக்கு வந்த துருவப் பறவை

மக்கா, வேம்பனூர் குளத்துல 'லிட்டில் ஆக்' முங்கிட்டுக் கெடக்குன்னு நீ ஸ்டேட்டஸ் போட்டத உங்க அம்மை காட்டினா. படம் நல்லா வந்திருக்கு. ஆனா கிரீன்லாந்துலயும் ஸ்பிட்ஸ்பெர்கன்லயும் பாறை இடுக்குல ஒத்த முட்டை இட்டு, ஐஸ் தண்ணியில பொடிப்பொடிச் சீவனப் பிடிச்சுத் தின்னுட்டுக் கெடக்குத பறவை, இரணியல் பக்கம் எதுக்கு வந்ததாம்? திங்கள்சந்தையில வாழக்கொலை எடுக்கவா?

வடக்குக் கடல் தாண்டிக் குளச்சலுக்கு வந்து, பொறவு திரும்பாம இங்கயே தங்கினவன்னு எனக்குத் தெரிஞ்சது டச்சுக் கம்பெனி ஆளு டிலனாய்தான். 1741-ல திருவிதாங்கூர் ராசா மார்த்தாண்டவர்மா கையில மாட்டினான். உதயகிரிக் கோட்டையில கல்லறை இருக்கு. அது முங்காது, பறக்காது, நின்னு நிதானமா படம் எடுக்கலாம்.

புயல் அடிச்சா ஆக்கு ஊருக்குள்ள வந்து விழும்னு நீ எங்கயாவது படிச்சிருப்ப. விழும் மக்கா, ஐரோப்பாவுல, அமெரிக்காவுல. பறவையப் பாக்கதுக்கு முந்தி நீ நிக்க எடத்தப் பாரு. ஆக்கு இருக்கது உப்புத்தண்ணி, இது நல்லதண்ணி. 2022-ல ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியல்ல ஏறின குளம் இது. துருவத்துலருந்து விருந்தாளி வந்துதான் பேரு வாங்கணும்னு இல்ல.

இனி உன் படத்துக்கு வாறேன். கழுத்து செம்மண் நெறம். வாய்க்கோணத்துல மஞ்சளா ஒரு புள்ளி. வாலுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆக்குன்னா முதுகு கறுப்பு, வயிறு வெள்ள, மூக்கு கட்டக்குட்ட. இது முக்குளிப்பான் லே! ஆக்கு தண்ணிக்கடியில ரெக்கய வீசிப் போகும். முக்குளிப்பான் ரெக்கய ஒடுக்கிட்டுக் காலால உந்தும். வெரலுக்கு வெரலு தனித்தனி மடல் உண்டு. அதப் பாக்கணும்னு குளத்துல குதிச்சிராத, தாமரக்கொடி காலச் சுத்தும்.

கரையில சும்மா இருந்து பாரு. நீ செல்ல எடுக்கதுக்குள்ள முங்கி, வேற எங்கயோ தலையத் தூக்கும். வெரட்டினா தண்ணி மேல படபடன்னு ஓடும். மெதக்குத கூட்டுல முட்டையிட்டு, வெளிய போகும்போ பாசிய இழுத்து மூடிட்டுத்தான் போகும். உன்ன மாதிரி ஆளு வருவான்னு அதுக்கு யாரு சொன்னாளோ!

ஸ்டேட்டஸ அழிக்கண்டாம். அத்தைமாரு எல்லாம் கைதட்டிட்டாவ, மொகம் வாடிரும். பேர மட்டும் திருத்து. கேட்டா, துருவத்துல குளிரு கூடினதுனால பேர மாத்திக்கிட்டுன்னு சொல்லு. உங்க அத்தைமாரு நம்புவாவ.