ஊறட்டும்!

துரு மாமாவை உங்களுக்குத் தெரியும். செம்பூர், மாதுங்கா, சயன் பக்கம் எந்த ஹவுசிங் சொசைட்டிக்குள் நுழைந்தாலும், பம்ப் ரூமை ஒட்டி நிற்கும் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு டார்ச், ஒரு கம்பி பிரஷ், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சிவப்பாக ஏதோ ஒரு திரவம். "என்ன மாமா, வண்டி எப்போ வெளியே வரும்?" என்று அந்தக் கால்களிடம் கேட்டால், அடியிலிருந்து ஒரே பதில்தான் வரும்.

"ஊறட்டும்."

ஊறுவது போல்ட்டு. குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த அந்த பியட்டின் பின்பக்கத்தில், கமான் பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட்டு. அதன் நட்டு துருவேறி இறுகிவிட்டது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கேரேஜுக்குக் கொண்டுபோவார்கள், அவன் இரண்டு அடி அடிப்பான், வராவிட்டால் அறுத்தெறிந்துவிட்டுப் புதுசு போடுவான். மாமாவுக்கு இது கொலைபாதகம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், மரையின் இடுக்கெல்லாம் அதுதான் நிரம்பியிருக்கும், பலவந்தப்படுத்தினால் போல்ட்டு கழுத்தோடு முறியும், எண்ணெய்தான் மெல்ல உள்ளே இறங்க வேண்டும் என்று விளக்குவார். அத்தனையும் உண்மை. ஆனால் எவ்வளவு நாழி இறங்க வேண்டும் என்பதில்தான் அவரோடு யாராலும் ஒத்துப்போக முடிவதில்லை.

சாயங்காலக் காபிக்கு முன்னால் நாலு சொட்டு. ராத்திரி படுக்கப்போகும்முன் நாலு சொட்டு. காலையில் கீழே இறங்கி வந்து, சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் டொக் டொக் என்று தட்டி, காது கொடுத்துக் கேட்பார். பிறகு ஸ்பேனரை மாட்டி, கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அழுத்துவார். அப்படிச் செய்தால் துருவின் பிடி விடும் என்பது பழைய மெக்கானிக்குகளின் வித்தை. விடாது. "இன்னும் ஊறலை" என்று அறிவித்துவிட்டு எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார். மேலே மாமி ஊறவைத்த உளுந்து அரைபட்டு, புளித்து, பொங்கி, இட்லியாகி, மிஞ்சியது உப்புமாவாகவும் ஆகியிருக்கும். "உளுந்துக்கு இருக்கற புத்தி உங்க போல்ட்டுக்கு இல்லையே" என்று மாமி பால்கனியிலிருந்து சொல்வது மூன்று மாடிக்கும் கேட்கும்.

பாட்டிலில் இருப்பது அவரே கலந்தது. ஆட்டோமேடிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி. கடையில் விற்கும் டபிள்யூ.டி. 40-ஐ யாராவது நீட்டினால் அவமானப்பட்டவர் மாதிரி பார்ப்பார். 1953-இல் அமெரிக்காவில் சான் டியாகோவில் ராக்கெட்டின் மேல்தோலில் ஈரம் தங்காமல் இருக்கக் கண்டுபிடித்தது அது, நாற்பதாவது தடவைதான் சரியாக வந்தது, அதனால்தான் பெயரில் 40 என்பார். "ஈரத்தை விரட்டப் பண்ணினதுடா அது. என் போல்ட்டுக்கு ஈரமா வியாதி?"

அவருடைய பிள்ளை நியூஜெர்சியில் இருக்கிறான். போய் வந்தவர் நயாகராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பனி உருகுவதற்காக ரோட்டில் லாரி லாரியாக உப்பைக் கொட்டுகிறார்கள் என்பதைத்தான், ஏதோ நரமாமிசம் தின்கிறார்கள் என்கிற குரலில், ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். ராமேசுவரம் போனபோதும் இதே கதைதான். "தரிசனம் நன்னா ஆச்சா?" என்றால், பாம்பன் பாலத்தில் ஆரம்பித்தார். 1914-இல் திறந்த பாலம், உப்புக் காற்று தின்று தின்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று, ஆனால் பழசைப் போல வருமா. திரும்பும் வழியில் காரைக்குடியில் இறங்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1953-இல் திறந்த இடம். துருவைப் பற்றி ஆராய்வதற்கென்றே அங்கே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த வேலை தனக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கு; பம்பாய்க்கு வந்து ஏதோ ஒரு ஆபீசில் கணக்கெழுதி ரிடையர் ஆனவர்.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக் பையனை மாமி ரகசியமாக வரவழைத்தாள். திருநெல்வேலிக்காரன். கேஸ் சிலிண்டரும் கையுமாக வந்தான்.

"ஐயா, சூடு வச்சா ரெண்டு நிமிசந்தான். நட்டு விரியும், துரு பொடிஞ்சிரும், சுத்தினா வந்துரும்."

"பெட்ரோல் டாங்க் எங்கே இருக்கு பாத்தியோ? ரெண்டு முழம்கூட இல்லை."

"அதைக் களத்திட்டுத்தான் வைப்போம் ஐயா. நீங்க பாட்டில்ல வச்சிருக்கியளே, அதுதான் முதல்ல பத்திக்கிடும்."

மாமா பாட்டிலை மூடி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "ஊறட்டும்பா. நாளைக்கு வா."

பையன் போனவன் போனவன்தான். தாராவியில் நாளைக்கு வா என்று யாரும் சொல்வதில்லை, அங்கே அவனவனுக்கு வேலை இருக்கிறது.

சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன், ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த பியட் செங்கல் மேல் ஏறி நிற்பது இரண்டு வண்டிக்கான இடத்தில். பாதி அவருடையது. மீதிப் பாதியில் அவருடைய ஜாக்கிகள், கழற்றி வைத்த சைலன்சர், "தொடாதீர்கள்" என்று சாக்பீஸில் எழுதிய தட்டு. அந்த மீதிப் பாதிக்குப் பராமரிப்புக் கட்டணத்தோடு மாதாமாதம் பணம் கட்டுகிறவன் நான். என் வண்டி தெருவில் நின்று, நோ பார்க்கிங் அபராதம் கட்டி, மழையில் நனைந்து, அதன் அடியிலும் இப்போது துரு. சொசைட்டி கூட்டத்தில் இதை எழுப்பினால் செயலாளர் என்ன சொல்கிறார் தெரியுமா? "வயசானவர், விடுங்க." வயசான காரணத்தால் ஒரு மனிதருக்கு இரண்டு பார்க்கிங் கொடுக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ளவும் அவர் விடுவதில்லை. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, மறுநாள் தண்ணீர் வடிந்ததும் ஆளாளுக்குச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாமாதான் குறுக்கே நின்றார். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் செய்த மாத்திரத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், யாரும் சாவி போடக் கூடாது என்று கத்தினார். குழாய்த் தண்ணீர் வந்தபிறகு ஒவ்வொரு வண்டியாக அடியில் படுத்து, சேற்றையும் சாக்கடைக் கசடையும் ஹோஸ் பைப்பால் கழுவினார். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். விளக்குமாற்றுக் குச்சியால் அத்தனையையும் குத்தி எடுத்தார். எதற்கும் காசு வாங்கவில்லை.

2023 அக்டோபர் 30-இல் கடைசி பத்மினி டாக்ஸி பம்பாய்த் தெருவிலிருந்து விடைபெற்றபோது, ஊரே அந்தக் கறுப்பு மஞ்சளுக்காகக் கண் கலங்கியது. மாமா மட்டும், பழைய இரும்பு வாங்கும் பங்கார்க்காரன் அதைக் கேஸ் வைத்து அறுப்பானா, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றுவானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மழைக்கு முன்னால் உங்கள் வண்டியின் அடிப்பக்கத்தை இப்படி ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். செம்பூரில் சுத்திகரிப்பு ஆலைப் புகை, பக்கத்தில் கடல், கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்த ஊரில், எந்த போல்ட்டு எப்போது போகும் என்று கண்ணால் பார்த்தே சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை. காலையில் காட்டுங்கள், கையோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பாட்டிலைத் திறக்க விட்டீர்களானால் மறுநாள் ஆபீசுக்கு ஹார்பர் லைன்தான்.